தாடி வளர்த்த ஊர்

ஊரில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவரே பேசாமல் போய்விடுவார். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது அவருடைய முடிவெட்டும் கடை. ஒரே ஒரு நாற்காலி. சுவரில் ஒரு மூலை ரசம் போன பெரிய கண்ணாடி, அதன் கீழே பலகை, பலகைமேல் கத்தரிக்கோலும் சீப்பும் நுரைக் கிண்ணமும். எதிர்ச் சுவரோரம் நீளமான ஒரு பெஞ்சு. பின்னால் துண்டு காயப்போடவும் சட்டை மாட்டவும் ஒரு சின்ன அறை. முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட அந்தப் பெஞ்சில் உட்கார வருகிறவர்கள்தான் எப்போதும் அதிகம்.

காலையில் கடை திறக்கும்போது ஆரம்பிக்கும் பேச்சு, சாத்தும்வரை ஓயாது. யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் மருமகன் கோபித்துக்கொண்டு போனான், எந்த பஸ் எங்கே பழுதாகி நிற்கிறது, எல்லாமே ரேடியோ வழியாகத்தான் ஊருக்குள் போகும். அவருக்கு ஒரு வசதியும் உண்டு. கன்னத்தில் நுரையும் கழுத்தில் கத்தியுமாக உட்கார்ந்திருக்கிறவன் எதிர்ப்பேச்சுப் பேச முடியாது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் சுகாதார நிலையத்து நர்ஸ் தேடி வந்தார். ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்துப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுப்பது அவருடைய வேலை. பெண்கள் நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மார்பில் கட்டி, கருப்பை வாய்ப் பரிசோதனை என்றெல்லாம் அடுப்படிவரை போய்ப் பேசி, வரத் தயங்கிய பெண்களைக் கையோடு அழைத்துவந்தார்கள். ஆண்களிடம்தான் பருப்பு வேகவில்லை. அந்தப் பக்கத்தில் பாதி ஆண்கள் கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டு திரிகிறவர்கள். ஒரு தன்னார்வலர் டார்ச்சோடு போய் வாயைக் காட்டச் சொன்னபோது, "எனக்கு என்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி ஒருவர் துப்பிய துப்பு அந்தப் பெண்ணின் செருப்பில் விழுந்ததாம். செருப்பைக் கழுவியதோடு அவர் அந்தத் தெருப் பக்கமே போவதை விட்டுவிட்டார்.

நர்ஸ் ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்தி, பெஞ்சில் வரிசையாக உப்பியிருந்த கன்னங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரேடியோவிடம், "அண்ணே, இந்த ஊர் ஆம்பளைங்க முகத்தை இவ்வளவு கிட்டத்துல பாக்கிறது நீங்க ஒருத்தர்தான். அந்த முகத்துக்குள்ளயும் கொஞ்சம் எட்டிப் பாக்க முடியுமா?" என்று கேட்டார். ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால் கேட்டதுதான் அதற்குப் பாதிக் காரணம்.

பயிற்சி சுகாதார நிலையத்துக் கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, சுவரில் படம் காட்ட ஒரு வெள்ளைத் துணி. கூட்டத்தில் ஒரே ஆண் இவர். முதல் நாள் தன் கடைக் கதையையே பாதி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாங்களும் கொஞ்சம் பேசிக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினார். படங்கள் வந்ததும் அவர் வாய் தானாகவே மூடிக்கொண்டது. துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, செக்கச்செவேலென்ற திட்டு, வாரக்கணக்கில் ஆறாத புண், இறுகிப்போய் மூன்று விரல் நுழையாத வாய். ஒரு படத்தில் இருந்தவர் முகம் பார்க்க இவருடைய சித்தப்பா மாதிரியே இருந்தது. இடைவேளையில் வெளியே போய், தன் சட்டைப்பையில் இருந்த புகையிலைப் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டார். அதைப் பற்றிப் பெஞ்சில் பெருமையடித்துக்கொண்டதற்குக் கணக்கே இல்லை.

நர்ஸ் அடிக்கடி சொன்னது ஒன்றுதான். நீங்கள் டாக்டர் இல்லை. உங்கள் வேலை பார்ப்பது, அனுப்புவது, பயந்தால் கூடப் போவது. பார்த்ததை அந்த ஆளிடம் மட்டும், தனியாகச் சொல்ல வேண்டும். ரேடியோ நன்றாகத் தலையாட்டினார். ஆனால் தனியாக என்றால் என்னவென்று அவருக்கு எங்கே தெரியும்? பிறந்ததிலிருந்து எதையும் தனியாகச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கடையையும் பெஞ்சையும் அவர் தன் வீடு என்றே நினைத்திருந்தார். வீட்டுக்குள் சொல்வது எப்படி வெளியே சொல்வதாகும் என்பது அவர் நியாயம்.

பயிற்சி முடிந்து நர்ஸ் கொடுத்த டார்ச் வந்த புதிதில் கடையில் ஒரே கொண்டாட்டம். சவரத்துக்கு முன்னால் வாயைத் திற என்பார். விரலை நிமிர்த்தி வைத்து மூன்று நுழைகிறதா என்று பார்க்கச் சொல்வார். பெஞ்சு அதை விளையாட்டாக்கிவிட்டது. யார் வாய் பெரிய வாய் என்று போட்டி. தச்சருக்கு நாலு விரலும் நுழைந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்; அவர் மனைவிக்கு இது முன்பே தெரியும் என்று யாரோ சொல்ல, தச்சரே விழுந்து விழுந்து சிரித்தார். நாக்கைத் தூக்கு, கன்னத்தை இழு, இந்தப் பக்கம் திரும்பு என்று ரேடியோ ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே பார்ப்பார். யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. நர்ஸிடம் போய், எங்கள் ஊரில் வாயைத் திறக்காத ஆளே கிடையாது என்று பீற்றிக்கொண்டார். பெஞ்சு முன்னால் வைத்துப் பார்ப்பதை மட்டும் சொல்லவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் அவருடைய மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். டிராக்டர் ஓட்டுகிறவர். ரேடியோ பேசுகிற அளவுக்கு அவர் பேசாமல் இருக்கிறவர். டிராக்டர் சத்தத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று பழகிப்போனவர். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருப்பதால் புகையிலையை இடது கன்னத்தில் ஒதுக்கிவைத்தால் மதியம்வரை அப்படியே இருக்கும். அன்று அவசரம் என்றார், அதனால் டார்ச் விளையாட்டை விட்டுவிட்டு நேராக நுரை போட்டார் ரேடியோ. வலது கன்னம் முடிந்தது. இடது பக்கத்துக்குக் கன்னத்தை ஊதிக் கொடுக்கச் சொன்னார். மச்சான் ஊதினார். கன்னம் வரவில்லை. விரலால் இழுத்துப் பார்த்தார். தோலுக்கு அடியில் பழைய செருப்புத் தோல் மாதிரி விறைப்பாக இருந்தது.

கத்தியை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரலுக்குமேல் நுழையவில்லை. பெஞ்சு சிரித்தது. மச்சானும் நுரையோடு கொஞ்சம் சிரித்தார். ரேடியோ கன்னத்தை ஒதுக்கி வெளிச்சம் அடித்தார். உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. பஞ்சால் துடைத்தார், போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தார். அந்த இடத்தில் வேறொரு ஆளாக இருந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு, மச்சான் சாயங்காலம் வீட்டுக்கு வாங்க என்று சொல்லியிருப்பான். இவருக்கு மனதில் பட்டது அப்படியே வாய் வழியாக வந்துவிட்டது.

"ஐயோ மச்சான், நர்ஸம்மா புற்றுநோய்னு படம் காட்டினாங்களே, அதே மாதிரி இருக்கே."

பெஞ்சில் சிரிப்பு நின்றது. மச்சான் கழுத்தில் இருந்த துண்டை உருவினார். முகத்தில் மிச்சமிருந்த நுரையைத் துடைத்தார். ஒரு கன்னம் மழமழவென்று, ஒரு கன்னம் முள்ளு முள்ளாக, யாரையும் பார்க்காமல் வாசலில் இறங்கி நடந்தார். ரேடியோ துண்டோடு பின்னாலேயே ஓடி, கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை.

அதன்பிறகு நடந்ததை ரேடியோ யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு ரேடியோ ஆகிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மச்சானுக்கு வாயில் புற்றுநோய் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. மறுநாள் அது முற்றிவிட்டது என்று ஆனது. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் கொடுத்துவிட்டு அவருக்கு மட்டும் காகிதக் கப்பில் கொடுத்தார்கள். அவர் அந்தக் கப்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் டீக்கடைப் பக்கமே வரவில்லை. இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை என்று ரேடியோ டீக்கடைக்காரரிடம் போய்க் கத்தினார். அவர், நான் என்ன வேண்டுமென்றா செய்தேன், மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்களே என்று கையை விரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று மச்சான் ஒரே பிடியாக நின்றுவிட்டார். போனால் ஊர் சொன்னது உண்மை என்றாகிவிடுமாம். சவரமும் செய்துகொள்ளவில்லை. தாடி வளர்ந்தது.

அவரோடு மற்றவர்களுக்கும் வளர்ந்தது. அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. கடைக்குப் போனால் வாயைத் திறக்கச் சொல்வான், திறந்தால் நாலு பேர் முன்னால் தீர்ப்பு வாசிப்பான் என்ற பயம். முதலில் தச்சர் வரவில்லை. பிறகு பஸ் கண்டக்டர். பெஞ்சில் தினமும் காலாட்டிக்கொண்டிருந்தவர்கள் எதிர் ஓரமாக நடந்துபோக ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் ஊரில் பாதி ஆண்கள் சாமியார் மாதிரி திரிந்தார்கள். ரேடியோ காலியான பெஞ்சைப் பார்த்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சும் இல்லை, பிழைப்பும் இல்லை.

வீட்டிலாவது பேசலாமென்றால் அங்கே அதைவிட மோசம். அவர் மனைவி அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவர். தட்டை வைப்பார், சோற்றைப் போடுவார், தண்ணீரை வைப்பார், ஒரு வார்த்தை வராது. ஒரே ஒரு நாள் வந்தது. "ஒரு வாயைத் திறக்க வைக்கிறேன்னு ஊர் வாயைத் திறந்து விட்டுட்டீங்க. எங்கண்ணனுக்கு எதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் உங்களை மன்னிக்கமாட்டேன்." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னதுதான் அவரை உலுக்கிவிட்டது.

டார்ச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்ஸ் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். முடிகிறவரைக்கும் காத்திருந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, டார்ச்சை மேசைமேல் வைத்தார். நர்ஸுக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. நான் அத்தனை தடவை எதற்குத் தனியாக, தனியாக என்று அடித்துக்கொண்டேன் என்று கேட்டார். நர்ஸ் டார்ச்சைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினார்.

"இதை வாங்கி வச்சுக்கிட்டா உங்க மச்சான் கன்னம் சரியாயிடுமா? வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோய் இல்ல அண்ணே. ஆனா சதையை எடுத்துப் பாக்காம அது எதுன்னு யாருக்கும் தெரியாது. நாள் போயிக்கிட்டே இருக்கு. முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க. திட்டறதை அப்புறம் திட்டிக்கிறேன்."

நர்ஸே இரண்டு தடவை மச்சான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே அவர் கொல்லைப்புறமாக நழுவிவிட்டார். கடைசியில் ரேடியோ அவரைத் தேடி வயலுக்குப் போனார். பாதி உழுத நிலம். டிராக்டர் அந்தக் கோடியிலிருந்து வந்து திரும்பும் இடத்தில் போய் நின்றார். மச்சான் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த சுற்றிலும் அப்படியே. மூன்றாவது தடவை ரேடியோ உழவுச் சாலுக்குள்ளேயே இறங்கி, நடுவில் நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் டிராக்டர் நின்றது. மச்சான் இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை.

ரேடியோ வழியெல்லாம் பேச நிறைய யோசித்து வைத்திருந்தார். தப்புப் பண்ணிவிட்டேன் மச்சான் என்று மட்டும் சொன்னார். மச்சான் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி அவருக்குப் பத்து வயதைக் கூட்டியிருந்தது.

"என் வாயை ஊருக்கே காட்டிட்டீங்க, மாப்பிள்ள. உங்க வாயை யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பயிற்சியில் எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பிரிந்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பழகினார்கள். பெண்கள் கூட்டத்தில் இவருக்கு ஜோடி இல்லை. சுகாதார நிலையத்து ஜீப் டிரைவரைப் பிடித்து உட்காரவைத்து இவர் பார்த்தார். இவர் முறை வந்தபோது, எனக்கு வண்டி எடுக்கணும் என்று டிரைவர் போய்விட்டார். நமக்கென்ன, நாம்தான் புகையிலையை விட்டாயிற்றே என்று ரேடியோவும் அதை மறந்துபோனார். ஊரில் அத்தனை வாயையும் பார்த்த மனிதர், கடையில் அவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும், தன் வாய்க்குள் ஒரு தடவைகூட வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை.

டிராக்டர் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். டார்ச்சை மச்சான் கையில் கொடுத்தார். "நீங்க பாருங்க. பாத்துட்டு, பார்த்ததை ஊர் முழுக்கப் போய்ச் சொல்லுங்க. சரிக்குச் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வாயைப் பிளந்தார்.

மச்சானுக்கு விருப்பமில்லைதான். ஆனாலும் கையில் டார்ச் வந்துவிட்டது. ரேடியோ வாயைத் திறந்தபடியே கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தார்: முதலில் உதட்டுக்கு உள்பக்கம், பிறகு இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நாக்குக்கு அடியில், கடைசிப் பல்லுக்குப் பின்னால். மச்சான், இந்த வாய் திறந்திருந்தும் சத்தம் வராமல் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தார். ஒரு மாதம் கழித்து அவர் சொன்ன முதல் கேலி அது. ரேடியோவுக்கு வாயைப் பிளந்துகொண்டே சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

வலது பக்கம் கடைசிப் பல்லுக்குப் பின்னால் போனதும் டார்ச் வெளிச்சம் நின்றது. மச்சான் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தார், அப்படிச் சாய்த்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். தூரத்தில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். ரேடியோவுக்கு வாயை மூடலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"என்ன மச்சான்?"

"காலையில முதல் பஸ் எப்போ?" என்று கேட்டார் மச்சான்.

ரேடியோவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகச் சூடாக எதைக் குடித்தாலும் அந்தப் பக்கம் எரிந்தது. பல் குத்துகிறது என்று நினைத்து, இடது பக்கமாக மென்று பழகிவிட்டார். மட்கார்டிலிருந்து இறங்கவே மச்சான் கையைப் பிடிக்கவேண்டியிருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூட வந்தார். பல் டாக்டர் இரண்டு பேர் வாயிலிருந்தும் துளித் துளிச் சதை எடுத்து அனுப்பினார். முடிவு வருகிற நாள்வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மச்சான் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து காலிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். சவரம் செய்யட்டுமா என்று இவர் கேட்கவில்லை, செய்துவிடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

முடிவு வந்தது. மச்சானுக்குப் புற்றுநோய் இல்லை. கன்னம் இறுகியதும் திட்டும் புகையிலை செய்த வேலை. அதை அடியோடு விட்டு, வாய் திறக்கும் பயிற்சி செய்து, சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். விடாவிட்டால் அதுவே நாளைக்கு வேறாக மாறலாம். ரேடியோவுக்குத்தான் புற்றுநோய். ரொம்பச் சின்னது, வேறு எங்கும் பரவவில்லை, வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டர். யார் பார்த்தது என்றும் கேட்டார். இவர்தான் என்று ரேடியோ மச்சானைக் காட்டினார். மச்சான் கூச்சத்தில் சுவரைப் பார்த்தார்.

டாக்டர் சொன்னபடியேதான் பின்னால் நடந்தது. ரேடியோ இன்றைக்கும் இருக்கிறார். வேகமாகப் பேசினால் சொல் கொஞ்சம் குழறும், அதனால் மெதுவாகப் பேசுகிறார், அதனால் அதே கதைக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பெஞ்சு புலம்புகிறது. ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஜன்னலோரம் உட்கார்ந்து, கத்தி வைத்தால் நாக்குப் போய்விடுமோ, பேச்சுப் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார். மச்சான் அவர் தொடையில் கையை வைத்தார்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், மாப்பிள்ள. வேற ஏதோ ஆபரேஷன்னு சொல்லிக்கலாம்."

ரேடியோ ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "உங்களுதை நான் சொன்னது தப்பு. அது உங்க வாய். இது என் வாய். இதை நான் சொல்லலாம்."

வீட்டில் மனைவியிடம் முதலில் சொன்னார். அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்றதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்ததைச் சொன்னதும் கும்பிட்ட கை அப்படியே நின்றது. "இத்தனை நாள் உங்க முகத்தைக்கூட நிமிந்து பாக்காம இருந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரேடியோவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அவரும் சேர்ந்து அழுதார்.

மறுநாள் கடையைத் திறந்தார். சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, கேட்பதற்கு ஆளில்லை. பெஞ்சு வெறிச்சென்று கிடந்தது. மச்சான் கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தெருவைக் கடந்து, தான் கால் வைக்கமாட்டேன் என்று விட்டுவந்த அதே டீக்கடைக்குள் போனார். அங்கே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அந்த நோய் இல்லை, எங்கள் மாப்பிள்ளைக்குத்தான் இருக்கிறது, கடையில் உட்கார்ந்திருக்கிறார், என்னவென்று தெரிய வேண்டுமானால் வந்து அவரையே கேளுங்கள் என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, எனக்கு ஒரு டீ, கண்ணாடி டம்ளரில் என்றார். டீக்கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். நின்று நிதானமாகக் குடித்து முடித்தார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். தாடிகளோடு பெஞ்சு நிறைந்தது, மிச்சப் பேர் வாசலில் நின்றார்கள். ரேடியோ நாற்காலியில் அவர்களைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். எங்கே இருக்கிறது, என்ன செய்யப்போகிறார்கள், எப்போது போகிறேன் என்று சொன்னார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

"சின்னதா இருக்கும்போதே பாத்ததால பொழச்சேன். நான் மச்சானைப் பாத்த மாதிரி அவர் என்னைப் பாக்கல. பாத்துட்டு விளக்கை அணைச்சார், பஸ் எப்போன்னு கேட்டார், அவ்வளவுதான். எனக்கு அப்படிப் பாக்கத் தெரியல. இனிமே இங்க யாரும் வாயைத் திறக்க வேண்டாம். பின்னாடி அறை இருக்கு. வரணும்னா ஒருத்தர் ஒருத்தரா வாங்க."

ஒருவர் தாடியைச் சொறிந்தார். ஒருவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். கடைசியில் தச்சர் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பெஞ்சைத் தாண்டிப் பின்னறைக்குள் போனார். அவர் வாயில் என்ன இருந்தது, இருந்ததா இல்லையா என்று இன்றுவரை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ரேடியோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.